வெள்ளிக்கிழமை மேற்கே சூலம்

கனடாவின் மேற்குப் பக்கத்தைத் தேடிப் போனவர்களைப் பற்றிச் சிறுவர்களுக்கு ஒரு புத்தகம் எழுதும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்கே தெரியாது. நான் வழக்கமாகப் போகும் ஆகக் கூடிய மேற்கு, மொன்றியலின் ஓரத்தில் இருக்கும் புவாண்ட்-கிளேர். அங்கே ஒரு களஞ்சியத்தின் அலுவலகத்தில் எனக்கு வேலை. என் வீடு இருக்கும் கோட்-டெ-நெய்ஜிலிருந்து மெட்ரோ, பிறகு பஸ், பிறகு பனிக்குள் ஒரு நடை. அந்தப் பயணத்துக்கே வீட்டுக்கு வந்ததும் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு யாராவது தேத்தண்ணி தருவார்களா என்று பார்க்கிற ஆள் நான். என்னைப் பிடித்து, வள்ளத்தில் ஏறி நுளம்புக்கடி தின்றுகொண்டு கண்டத்தையே கடந்தவர்களைப் பற்றி எழுது என்றார்கள்.

கேட்டவர்கள் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை நடத்துகிறவர்கள். வகுப்பு ஒரு தேவாலயத்தின் நிலவறையில் நடக்கிறது. நான் அங்கே பெரிய பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். பிள்ளைகள் இந்த நாட்டுச் சரித்திரத்தைப் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சில் படிக்கிறார்கள், வீட்டில் ஆங்கிலத்தில் சண்டை பிடிக்கிறார்கள், தமிழில் சோறு கேட்கிறார்கள். அவர்களுக்கு முன்பே தெரிந்த கதையைத் தமிழில் கொடுத்தால் வாசிப்பார்கள் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். நல்ல யோசனை, யார் எழுதுவது என்று எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். நான் மட்டும் பிஸ்கட் தட்டை எடுப்பதற்காக நிமிர்ந்துவிட்டேன். அதோடு சரி.

எழுதுவதற்கு எனக்கு இருந்த ஒரே உதவி மேல்மாடியில் இருந்த என் அக்காவும் அவளுடைய தேத்தண்ணியும். நாங்கள் இருவரும் இந்தக் கட்டடத்தில் ஒரே வருடம் குடிவந்தவர்கள். அவளுடைய குசினி என் குசினிக்கு நேர் மேலே. பனிக்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் சுடுதண்ணீர்க் குழாய் ஒன்று என் சுவரோரமாக ஏறி அவளுடைய வீட்டுக்குப் போகிறது. தேத்தண்ணி ஊற்றியதும் அக்கா கரண்டியால் அந்தக் குழாயில் டொக் டொக் என்று தட்டுவாள். ஏறி வா என்று அர்த்தம். தொலைபேசி எல்லோர் கையிலும் வந்த பிறகும் அவள் குழாயை விடவில்லை. ஒருமுறை இந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வீட்டுச் சொந்தக்காரர் குழாய் திருத்துகிறவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த ஆள் குழாயில் காதை வைத்து நெடுநேரம் கேட்டார். அக்காவும் நானும் பக்கத்தில் நின்று கவலையோடு தலையாட்டினோம்.

புத்தகத்துக்காக வாசிக்க வாசிக்க, அந்தப் பழைய பயணிகள் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டார்கள். மொன்றியலுக்குப் பக்கத்தில் லஷீன் என்று ஒரு இடம் இருக்கிறது. மேற்கே போகிற வள்ளங்கள் அந்தக் காலத்தில் அங்கிருந்துதான் வெளிக்கிடும். லஷீன் என்றால் பிரெஞ்சில் சீனா. மேற்கே போய்ச் சீனாவைப் பிடிக்கிறேன் என்று ஒருவர் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு புறப்பட்டாராம். போனவர்களில் கொஞ்சப்பேர் பாதியில் திரும்பி வந்துவிட, ஊர்க்காரர் அந்தத் துறைக்கே சீனா என்று பட்டம் வைத்துவிட்டார்கள் என்று சொல்வார்கள். இதை வாசித்தபோது எனக்கு இந்த ஊர்மேல் ஒரு பாசம் வந்தது. ஒருவன் பெட்டியைக் கட்டினால் போதும், போய்ச் சேருவதற்குள் பட்டம் வைத்துவிடும் வழக்கம் எங்கள் ஆட்களிடம் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

இன்னொன்றும் பிடித்திருந்தது. வள்ளம் வலிக்கிற அந்த ஆட்கள் தூரத்தை மைலில் அளக்கவில்லை, புகைக்குழாயில் அளந்தார்கள். கொஞ்சத் தூரம் வலித்தபின் நிறுத்திப் புகை பிடிப்பார்கள். அந்த ஏரி எவ்வளவு பெரிசு என்று கேட்டால் இத்தனை புகை என்பார்கள். அக்காவின் கணவர், என் அத்தான், ரொறொன்ரோவுக்குப் போகும் தூரத்தை இன்றும் அப்படித்தான் அளக்கிறார். முதலாவது கோப்பி, இரண்டாவது கோப்பி, மூன்றாவது கோப்பியோடு தமிழ்க் கடை தெரியும் என்பார். இடையில் அந்தக் கோப்பிகளுக்காக நிற்கிற இடங்களை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

ரொறொன்ரோ என்று சொல்லும்போது ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் ஆட்களுக்கும் ஒரு மேற்கு இருக்கிறது. மொன்றியலில் வந்து இறங்கிய யாழ்ப்பாணத்து ஆட்கள் அகதி வழக்கு முடிந்து, கொஞ்சம் மூச்சு விட்டு, கொஞ்சம் பிரெஞ்சு படித்து, பிறகு அந்தப் பிரெஞ்சை அப்படியே விட்டுவிட்டு ரொறொன்ரோவுக்குப் போவார்கள். முதலில் ஒருவர் தனியாகப் போய்ப் பார்ப்பார். அங்கே இடியப்பம் தெருவுக்குத் தெரு கிடைக்கிறது, வைத்தியர் தமிழ், பல் வைத்தியர் தமிழ், வீடு விற்கிறவர் தமிழ் என்று செய்தி அனுப்புவார். அடுத்த கோடையில் மனைவியின் தம்பி, அதற்கடுத்த கோடையில் தம்பியின் சகலன். என் சனிக்கிழமை வகுப்பு ஒவ்வொரு வருடமும் இப்படித்தான் இளைத்தது. போகிறவர்களுக்கு விருந்து வைத்தே எனக்குக் கை தேர்ந்துவிட்டது. போகிறவர்களைக் கேலி செய்வதிலும் கை தேர்ந்துவிட்டது. "பாத்துப் போங்கோ, வழியிலை ஆறு கடக்கேக்கை சாமானெல்லாம் நனைஞ்சுபோம்" என்று சொல்லி அனுப்புவேன்.

அந்த வருடம் பனி கரையத் தொடங்கிய நேரம், குழாயில் டொக் டொக் கேட்டு மேலே போனேன். அத்தானும் மேசையில் இருந்தார். அவர் கிழக்குப் பக்கத்தில், துறைமுகத்தில் கொள்கலன்கள் ஏற்றி இறக்கும் இடத்தில் வேலை செய்கிறவர். பகலில் வீட்டில் இருந்தால் தூங்குவார். அன்று முழித்துக்கொண்டு, சேட்டு போட்டுக்கொண்டு இருந்தார்.

"நாங்களும் வெளிக்கிடுறம்" என்றார். "தம்பியாக்கள் இருக்கிற பக்கம் ஒரு வீடு வாங்கச் சரிவந்திருக்கு. யூலையிலை போறம்."

நான் வழக்கம்போல ஆறு, வள்ளம், நனைந்த சாமான் என்று ஏதோ தொடங்கப் பார்த்தேன். வாயில் வரவில்லை. அக்கா என்னைப் பார்க்காமல் கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்தது கோபமா அழுகையா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நல்லது அத்தான், நல்லது என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்தேன். நாக்கு பொசுங்கிப்போனது.

அதற்குப் பிறகு புத்தகத்தில் எனக்கு ஒரு பிடிப்பும் இருக்கவில்லை. ஆனால் அக்காவின் மகள் விடுவதாக இல்லை. பன்னிரண்டு வயது. என் வகுப்பில் படிக்கிறாள், புத்தகத்துக்குப் படங்களும் வரைபடங்களும் அவள்தான் கீறினாள். எழுதியதை எழுத்துக்கூட்டி வாசித்து, பென்சிலால் பிழை போடுவாள். என்னுடைய ஆசிரியரும் அவள், தணிக்கை அதிகாரியும் அவள்.

"சித்தி, எல்லாரும் துணிச்சலோடை போயினம். ஒருத்தருக்கும் பயம் வரேல்லையா?"

"வந்திருக்கும்."

"அப்ப எழுதுங்கோ. பேந்து இதிலை கண்டுபிடிச்சினம் எண்டு போட்டிருக்கிறீங்கள். மே நோன் சித்தி, இல்லவே இல்லை! அங்கை முதலே ஆக்கள் இருந்தவை. அவையள்தான் வழி காட்டினவை. ஆக்கள் இருக்கிற இடத்தை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

கண்டுபிடித்தார்கள் என்பதை வெட்டிவிட்டு, போய்ச் சேர்ந்தார்கள் என்று மாற்றினேன். பிறகு ரயிலில் போய்ப் புல்வெளிகளில் குடியேறியவர்களின் அத்தியாயத்துக்கு வந்தாள். அரசாங்கம் வெறும் நிலத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்துக் கொடுத்தது என்று நான் எழுதியிருந்தேன். வெறும் என்ற சொல்லுக்குக் கீழே பென்சில் கோடு விழுந்தது. அந்த நிலத்தில் வாழ்ந்தவர்களை ஒதுக்குப்புறமாகத் தள்ளிவிட்டுத்தான் அது வெறும் நிலமானது என்று அவளுடைய பள்ளிக்கூடத்தில் படிப்பித்திருக்கிறார்கள். ஆளில்லாத நிலம் என்று யாராவது சொன்னால் நம்பக்கூடாது என்பதை யாழ்ப்பாணத்தில் பிறந்த எனக்கு, மொன்றியலில் பிறந்த பிள்ளை சொல்லித் தரவேண்டியிருந்தது. வெட்கமாக இருந்தது. அந்தப் பக்கத்தை முழுவதும் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன்.

கடைசியாக அவள் கேட்ட கேள்விதான் என்னைக் கிளப்பிவிட்டது.

"எல்லாப் பக்கத்திலையும் ஆக்கள் போய்க்கொண்டே இருக்கினம். போகாத ஆக்கள் என்ன செய்தவை?"

"நிண்டவை."

"நிண்டு?"

"நிண்டு சமைச்சுச் சாப்பிட்டவை. ஆருக்குத் தெரியும்?" என்று எரிந்து விழுந்தேன்.

"அதையும் எழுதுங்கோவன்" என்றுவிட்டு அவள் படத்திலிருந்த பீவருக்கு வால் கீறப் போய்விட்டாள்.

எழுதவில்லை. எனக்கு வேறு வேலை இருந்தது. அக்கா போகாமல் இருக்க ஒரு வழி தேடிக்கொண்டிருந்தேன். வழி அவளுடைய குசினிச் சுவரிலேயே தொங்கியது.

இந்த மாகாணத்தில் பெரும்பாலான வாடகை வீடுகளின் ஒப்பந்தம் யூன் முடிவில் முடியும். அதனால் யூலை முதலாம் திகதி ஊரே ஒன்றாக வீடு மாறும். அன்று காலையில் தெருவில் நின்றால் கட்டில், குளிர்சாதனப் பெட்டி, பூனை, பூச்சாடி எல்லாம் மனிதரின் தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கும். அக்கா வீட்டுக்கும் அதே நாள்தான். புதிதாக வருகிற ஒரு இளம் சோடி அன்றே சாமான்களோடு வந்து நிற்கும். லொறியும் அன்றைக்குத்தான் கிடைத்திருந்தது. அந்த வருடம் யூலை முதலாம் திகதி வெள்ளிக்கிழமை. தமிழ்க் கடையில் கொடுத்த நாட்காட்டியில், அந்தத் தாளின் மூலையில், பொடி எழுத்தில், சூலம் மேற்கு என்று போட்டிருந்தது.

ஒவ்வொரு நாளும் ஒரு திசையில் சூலம் நிற்கும், அந்த நாளில் அந்தத் திசைக்குப் போகக்கூடாது என்பது பஞ்சாங்கக் கணக்கு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் அத்தானுக்கு இருந்தது. அவர் ராகுகாலத்தில் கார்க் கதவைத் திறக்கமாட்டார். வைத்தியரிடம் போகும் நேரம் மரணயோகத்தில் விழுந்தால் காய்ச்சலோடு வீட்டில் இருப்பார். அடுத்த தேத்தண்ணிக்கு மேலே போனபோது, சாதாரணமாக, நாட்காட்டியைப் புரட்டிக்கொண்டே சொன்னேன்.

"அத்தான், நீங்கள் வெளிக்கிடுற அண்டைக்கு மேற்காலையெல்லே சூலம்?"

அத்தான் கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்து வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளை மூக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"அப்ப வியாழன் வெளிக்கிட்டால்?"

"வியாழன் தெற்காலை. ரொறொன்ரோ தெற்காலையும் கிடக்கெல்லோ அத்தான்" என்றேன், மிகவும் கவலைப்பட்ட முகத்தோடு.

அக்கா என்னை ஒருமுறை பார்த்தாள்.

என் திட்டம் பெரிய திட்டம் இல்லை. சாமான் முதலில் போகட்டும். அக்காவும் பிள்ளையும் நல்ல நாள் வரும்வரை என் வீட்டில் நிற்கட்டும். நல்ல நாள் ஒன்று கிடைத்தால் அதில் வேறு ஏதாவது ஒரு குறையை நான் கண்டுபிடிப்பேன். இப்படியே கோடை முடிந்துவிட்டால் பள்ளிக்கூடம் தொடங்கிவிடும். அக்கா ஓரிடத்தில் இருந்தால் எழும்ப மாட்டாள், அது அவளுடைய சுபாவம். எழும்பாவிட்டால் அத்தான் என்ன செய்வார், திரும்பி வருவார்தானே?

அதைக் கெடுக்கப் பார்த்தது என் சொந்தப் புத்தகம். அக்காவின் மகள் அறைக்குள்ளிருந்து வரைபடத்தோடு வந்தாள்.

"அப்பா, மொன்றியலிலை மேற்கு எண்டு சொல்லுறது மேற்கே இல்லை. சித்திதான் எழுதியிருக்கிறா" என்று சொல்லி வாசிக்கத் தொடங்கினாள். முதலில் வந்து குடியேறியவர்கள் ஆற்றைப் பார்த்துத்தான் திசை வைத்தார்கள், ஆறு கிழக்கே கடலுக்குப் போகிறது என்பது அவர்களுக்குத் தெரியும், ஆனால் இந்தத் தீவின் ஓரத்தில் மட்டும் ஆறு வடக்குப் பக்கமாகத் திரும்பி ஓடுகிறது, அதனால் இந்த ஊரின் நான்கு திசைகளும் அன்றிலிருந்து கோணலாகிப்போயின. எழுதியது நானேதான். எழுதிவிட்டு மறந்துபோயிருந்தேன்.

"நம்பாட்டில் பாருங்கோ. யூன் மாசம் சூரியன் எங்கடை தெருவிலை வடக்குப் பக்கம் எண்டு சொல்லுற முடிவிலையெல்லோ விழுது?"

அத்தான் கண்ணை மூடி யோசித்தார். விழுவதைப் பார்த்திருக்கிறார். இத்தனை காலமும் கனடாவில் சூரியன் அப்படித்தான் என்று நினைத்திருக்கிறார்.

மெதுவாகக் கேட்டார், "அப்ப துறைமுகம்? அது கிழக்கெல்லோ?"

பிள்ளை தொலைபேசியில் திசைகாட்டியைத் திறந்து, வரைபடத்தில் வைத்து, தலையைச் சரித்துப் பார்த்தாள். "நீங்கள் வேலை செய்யிற இடம் கிழக்கு இல்லை அப்பா. வடக்குத்தான் கூட."

அத்தானின் முகம் போன போக்கை நான் எப்படிச் சொல்வேன்! திங்களும் சனியும் கிழக்கே சூலம், பரிகாரம் தயிர். அந்த மனிதர் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து திங்களும் சனியும் விடிய எழும்பி, வெளியே பனி கொட்டக் கொட்ட, ஒரு கரண்டி குளிர்ந்த தயிரை வாயில் விட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். இருமல் வந்தாலும் விடவில்லை. இப்போது பார்த்தால் திங்கள் சனியில் சூலமே இல்லை. வடக்கே சூலம் செவ்வாயும் புதனும். அந்த நாட்களில் இவர் ஒரு பாதுகாப்பும் இல்லாமல் சூலத்தின் நுனிக்கு நேரே கார் ஓட்டியிருக்கிறார்.

"செவ்வாய் புதனுக்கு என்ன பரிகாரம்?" என்று கேட்டார்.

"பால்" என்றேன்.

அக்கா அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். கண்ணால் தண்ணீர் ஓட, "நீங்கள் ஒவ்வொரு நாளும் பால் தேத்தண்ணி குடிச்சிட்டுத்தானே போறனீங்கள்! அதுதான் காப்பாத்தியிருக்கு" என்றாள். அத்தான் சிரிக்கவில்லை. அதை உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். யோசித்து முடித்ததும் அவருக்குக் கொஞ்சம் நிறம் திரும்பியது.

"அப்ப ரொறொன்ரோவும் மேற்கு இல்லையோ?" என்று ஆவலோடு மகளைக் கேட்டார். அவள் திரும்பவும் தலையைச் சரித்தாள். தெற்கும் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் மேற்குத்தான் கூட என்றாள். அந்தப் பிள்ளையை அந்த நேரம் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்திருப்பேன்.

அத்தான் கோயில் ஐயருக்குப் போன் எடுத்தார். வெள்ளியில் மேற்கே போக வெல்லம்தான் பரிகாரம், எங்கள் பேச்சில் சர்க்கரை. ஒரு துண்டு கட்டிச் சர்க்கரையைச் சாப்பிட்டுவிட்டுப் புறப்படலாம், இந்த நாட்டில் எல்லோரும் வெள்ளிக்கிழமைதான் பயணம் போகிறார்கள், சூலம் பார்த்தால் கோயிலுக்கே ஆள் வராது என்று ஐயர் சொன்னாராம். அத்தானுக்கு அது தனக்குப் போதும், குடும்பத்துக்குப் போதாது என்று பட்டது. "பெண்டிலும் பிள்ளையும் புது வீட்டுக்கு முதன்முதல் போறது. பரிகாரம் செய்துகொண்டு போற பயணம் அவைக்கு வேண்டாம்" என்றார்.

"இஞ்சை என்னோடை நிக்கட்டும் அத்தான். நல்ல நாளாப் பாத்து வரட்டும்" என்றேன். ஏதோ அப்போதுதான் தோன்றியது போலச் சொன்னேன்.

"ஓம், நிப்பம்" என்றாள் அக்கா. இவ்வளவு சுலபமாக அவள் சம்மதிப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கீழே இறங்கி வரும்போது படிக்கட்டில் பாட்டு முணுமுணுத்தேன்.

யூலை முதலாம் திகதி நல்ல வெயில். எங்கள் தெரு முழுவதும் யாரோ ஒருவருடைய மெத்தை. அத்தானின் துறைமுகத்து நண்பர் ஒருவர் லொறியை ஓட்ட வந்திருந்தார். கொள்கலன்களை அடுக்கிப் பழகியவர்கள் இருவரும் சேர்ந்து அக்காவின் வீட்டை ஒரு இடைவெளியும் இல்லாமல் லொறிக்குள் அடுக்கினார்கள். எல்லாம் முடிந்து பின்கதவைப் பூட்டிய பிறகுதான் அத்தானுக்கு நினைவு வந்தது. சர்க்கரைப் போத்தல் குசினிப் பெட்டிகளில் ஏதோ ஒன்றில், லொறியின் அடியில் இருந்தது. தெருமுனை டெப்பனர் கடையில் சிகரெட்டும் பியரும் பாலும் இருக்கும், கட்டிச் சர்க்கரைக்கு எங்கே போவது? நான் என் வீட்டிலிருந்து ஒரு துண்டு கொண்டுவந்து கொடுத்தேன். அவர் மேற்கே பார்த்து நின்றார். எது மேற்கு என்று மகளைக் கேட்டு, கொஞ்சம் திரும்பி நின்று, வாயில் போட்டுக்கொண்டார். எனக்கு அன்று எல்லாம் சிரிப்பாக இருந்தது.

உள்ளே வந்து பார்த்தேன். அக்கா என் குசினியில் கதிரையில் இருந்தாள். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். முதுகு கதிரையில் படவில்லை. பார்வை யன்னலுக்கு வெளியே நின்ற அத்தானின் காரில் இருந்தது.

காலில் சப்பாத்து இருந்தது.

சப்பாத்தோடு வாசலைத் தாண்டினால் யாராக இருந்தாலும் கத்துகிறவள் அக்கா. மின்மானி பார்க்க வந்த ஆளையே திருப்பி அனுப்பிக் கழற்ற வைத்தவள். அவள் என் குசினிக்குள், அடுப்புக்குப் பக்கத்தில், சப்பாத்துப் போட்டுக்கொண்டு இருந்தாள்.

"அக்கா, சப்பாத்து" என்றேன்.

அவள் குனிந்து தன் காலையே புதினமாகப் பார்த்தாள். "கழட்டத்தான் நினைச்சனான்" என்றாள்.

"பேந்து?"

அவள் திரும்பவும் காரைப் பார்த்தாள். எனக்கு விளங்கிவிட்டது. அவளுக்குப் போக விருப்பம். அத்தானோடு அந்தக் காரில் ஏறி, முதலாவது கோப்பி, இரண்டாவது கோப்பி என்று போய், தன் வீட்டுக் கதவைத் தானே திறக்க விருப்பம். சொந்தமாக ஒரு வீடு அவளுக்கு இதுதான் முதல் முறை. இதை நான் ஒருநாளும் யோசிக்கவில்லை. என் குழாயைப் பற்றி மட்டும்தான் யோசித்திருக்கிறேன்.

"உனக்கு எப்ப தொடக்கம் சூலம் தெரியும்?" என்று கேட்டாள் அக்கா. சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். "ராகுகாலத்திலை போய் இஞ்சை குடிவந்த ஆள் நீ. நாட்காட்டியைத் தொட்டதுமே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுகொண்டு ஏன் ஓம் எண்டனீங்கள்?"

"நீ கேட்டனி. என்ன செய்யிறது? உனக்கு மாட்டன் எண்டு சொல்லிப் பழகேல்லை."

நான் அழுதால் அவள் உண்மையிலேயே நின்றுவிடுவாள். அலுமாரித் தட்டிலிருந்த சர்க்கரை டின்னைத் திறந்து, உள்ளதில் பெரிய துண்டாக எடுத்து நீட்டினேன்.

"இது என்னத்துக்கு?"

"மேற்காலை போற ஆக்களுக்கு. அத்தான் காரை எடுக்கமுந்திக் கெதியாத் தின்னுங்கோ."

அக்கா துண்டை வாங்கிக் கடைவாயில் வைத்துக் கடித்தாள். அது கல்லு மாதிரி. ஒரு பக்கத்துக்கு முகத்தைக் கோணிக்கொண்டு உடைத்தாள். மிச்சப் பாதியை என் வாய்க்குள் திணித்தாள்.

"எனக்கேன்? நான் ஒரு இடமும் போகேல்லை" என்றேன், வாய் நிறைய.

"நீ என்னட்டை வாற நாள் வெள்ளியோ ஞாயிறோ ஆருக்குத் தெரியும்? இப்பவே தின்."

அவள் காருக்குப் போனபோது அத்தான் இறங்கி நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஐயர் சொன்ன சர்க்கரை எனக்கும் செல்லும்தானே? எடுங்கோ காரை" என்றாள் அக்கா. அவர் மறுபேச்சுப் பேசவில்லை. முன் சீற்றில் கிடந்த பைகளை அவசரமாகப் பின்னால் தள்ளி இடம் செய்து கொடுத்தார். அவ்வளவு சந்தோசத்தை அந்த மனிதரின் முகத்தில் நான் முன்பு கண்டதில்லை. அக்காவின் மகள் பின் யன்னலால் தலையை நீட்டினாள்.

"சித்தி, நிக்கிற ஆக்களின்ரை பக்கம் எழுதீட்டீங்களா?"

"எழுதுறன் போ."

கார் திரும்பி மறைந்தது. மேல்மாடிக்கு வந்த இளம் சோடி ஒரு மெத்தையைப் படிக்கட்டில் நெருக்கிக்கொண்டு நின்று எனக்கு பொன்சூர் என்று வணக்கம் சொன்னார்கள். வாயில் சர்க்கரை இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன்.

அந்தப் பக்கத்தை அன்று பின்னேரமே எழுதினேன். சிறிய பக்கம்தான். வள்ளங்கள் வெளிக்கிட்ட நாளில் எல்லோரும் ஏறவில்லை. ஒரு பெண்ணுக்கு அவளுடைய அக்கா ஒரு சர்க்கரைத் துண்டைப் பாதியாகக் கடித்துக் கொடுத்துவிட்டு ஏறினாள். வாயில் இருந்தது தீரும்வரை அந்தப் பெண் ஆற்றங்கரையில் நின்றாள். பிறகு வீட்டுக்குப் போய் உலை வைத்தாள். இவ்வளவுதான். படமெடுத்து அக்காவின் மகளுக்கு அனுப்பினேன்.

அடுத்த நாள் அவளிடமிருந்து போன் வந்தது. பின்னால் பெட்டிகள் இழுபடுகிற சத்தம்.

"சித்தி, இது சரித்திரப் பிழை. அந்தக் காலத்திலை இஞ்சை கட்டிச் சர்க்கரை இல்லை. மேப்பிள் சர்க்கரைதான். மாத்தோணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் அங்கே போன் கை மாறியது.

"அதிலை ஒரு பிழையும் இல்லை" என்றாள் அக்கா. "ஒரு எழுத்தும் மாத்தாதை."

பிறகு போனுக்குள் டொக் டொக் என்று கேட்டது. புது வீட்டில் வீட்டைச் சூடாக்கும் சுடுதண்ணீர்க் குழாய் கிடையாது, சூடான காற்றுத்தான் வரும் என்று அத்தான் பெருமையாகச் சொல்லியிருந்தார். அவள் கரண்டியால் எதைத் தட்டினாளோ தெரியாது. நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே எழும்பிப் போய்க் கேத்தலை அடுப்பில் வைத்தேன்.